வெயிலில் நின்றால் ஸ்டார்ட் ஆகாது, சிக்னலில் நின்றால் ஆடும்: பழைய சிட்டி விடெக் காருக்குப் பழுது பிடிக்கும் வழி

என் வண்டி 2001 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். நான்கு கதவு செடான்தான். ஆனால் 106 குதிரைத்திறன் கொண்ட அந்த இன்ஜினை ஈசிஆரில் ஒருமுறை முழுசாக மிதித்துப் பார்த்தவர்கள் அதை ஸ்போர்ட்ஸ் கார் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன். புதுச்சேரியிலும் கடலூரிலும் இதே வண்டியை வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் உண்டு. என்னுடையதையும் சேர்த்து ஆறு வண்டிகளில் ஒரே புகாரைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். "சில நேரம் ஸ்டார்ட் ஆகுது, சில நேரம் ஆகல. ஸ்டார்ட் ஆனாலும் ஐட்லிங்ல நடுங்குது." ஐட்லிங் என்றால், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நின்ற இடத்தில் இன்ஜின் ஓடுவது.

நான் மெக்கானிக் இல்லை. வீட்டு வாசலில் மல்டிமீட்டரோடு உட்காருபவன். கீழே எழுதியிருப்பது அந்த ஆறு வண்டிகளில் பார்த்தது. மஞ்சக்குப்பத்து நண்பர் ஒருவர் முதலில் பேட்டரி மாற்றினார், அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றி வேலை பார்த்தார், கடைசியில் பெட்ரோல் பம்பையும் மாற்றினார். பழுது அப்படியே இருந்தது. காரணம், மூன்று முறையும் வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனதுதான். வந்து வந்து போகும் பழுதை, அது வந்திருக்கும் நேரத்தில்தான் பிடிக்க முடியும். அதனால் வண்டி நின்றுவிட்டால் உடனே யாரையும் தள்ளச் சொல்லாதீர்கள். ஐந்து நிமிடம் அதைப் பாருங்கள்.

வண்டியில் வைத்திருக்க வேண்டியவை: சாதாரண மல்டிமீட்டர், டார்ச், 10 மற்றும் 12 எம்எம் ஸ்பானர், உப்புத்தாள் ஒரு துண்டு, எதிலாவது குறித்துக்கொள்ள ஒரு சின்ன நோட்டு.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்த இரண்டு விநாடி

ஏசி, ரேடியோ, மின்விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கண்ணாடியை ஏற்றி அமைதியாக்கிக்கொள்ளுங்கள். சாவியை ஸ்டார்ட் வரை திருப்பாமல் ஆன் நிலையில் நிறுத்துங்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, செக் இன்ஜின் விளக்கு எரிந்து சுமார் இரண்டு விநாடியில் அணைகிறதா? இரண்டு, அதே இரண்டு விநாடி பின்பக்கம் டேங்கிலிருந்து பெட்ரோல் பம்ப் "ம்ம்ம்" என்று ஓடி நிற்கிறதா? மூன்று, இப்போது செல்ஃப் அடியுங்கள்: ஆர்பிஎம் முள் லேசாகவாவது எழுந்து துடிக்கிறதா?

விளக்கு, சத்தம், முள். இந்த மூன்றையும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் பானட்டைத் திறக்க வேண்டும். வண்டி நன்றாக இருக்கும் நாளிலும் இரண்டு மூன்று முறை கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். பம்ப் சத்தத்தை ஒருமுறை காதில் பிடித்துவிட்டால், அது இல்லாதபோது உடனே தெரியும்.

## சாவியைத் திருப்பினால் 'டிக்' மட்டும், அல்லது ஒன்றுமே இல்லை

நம் ஊரில் இதற்கு முதல் காரணம் உப்புக் காற்று. கடற்கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் நிறுத்தும் வண்டியில் பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும்.

பேட்டரி முனைகள். கையால் திருகிப் பாருங்கள். கொஞ்சம் சுழன்றாலும் அதுதான் பழுது. முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் உள்பக்கம் தேய்த்து, பாசிட்டிவை முதலில் மாட்டி இறுக்குங்கள். மேலே வாசலின் பூசினால் பூப்பது குறையும்.

பேட்டரி. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் புது பேட்டரி வாங்கியும் பயனில்லை, ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்.

எர்த் ஒயர். இதைத்தான் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் கெட்டுவிட்டது. வெளியே பிளாஸ்டிக் பளபளப்பாக இருக்கும், உள்ளே செம்பு பச்சைத் தூளாகியிருக்கும். புது ஒயர் சில நூறு ரூபாய்.

பின்னாளில் பொருத்திய அலாரம். அந்தக் காலத்தில் கடைகளில் சென்ட்ரல் லாக்கோடு சேர்த்துப் போட்டுக் கொடுத்த அலாரம் யூனிட்டுகள் இக்னிஷன் ஒயரை நடுவில் வெட்டி ஒரு ரிலே வைத்திருக்கும். இருபது வருடம் கழித்து அந்த ரிலே நினைத்தபோது ஒட்டும், நினைத்தபோது விடும். ஸ்டியரிங்குக்குக் கீழே இன்சுலேஷன் டேப் சுற்றிய முடிச்சுகள் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அந்த யூனிட்டை முழுதாக அகற்றி ஒயரைப் பழையபடி சேர்த்துவிடுவதே நல்லது. ஒயரிங் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம்தான் இதைக் கொடுக்க வேண்டும்.

செல்ஃப் மோட்டார். மேலே சொன்னவை எல்லாம் சரி, 'டக்' என்று ஒரே சத்தம் மட்டும் வருகிறது என்றால், ஒருவர் சாவியைத் திருப்பும்போது இன்னொருவர் செல்ஃப் மோட்டாரின் உடம்பில் மரக்கட்டையால் மெல்லத் தட்டிப் பாருங்கள். தட்டினால் சுற்றுகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் சோலனாய்டுக்குள் இருக்கும் செம்புத் தொடுமுனை அரித்திருக்கும். அதைக் கழற்றி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். முழு மோட்டாரை மாற்றச் சொன்னால், பிரஷ்ஷும் சோலனாய்டும் மட்டும் போதுமா என்று ஒருமுறை கேளுங்கள்.

## செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

ஆறில் நான்கு வண்டிகள் இந்த இடத்தில்தான் நின்றன. நோட்டில் எழுதிய மூன்றையும் வைத்துக் கிளை பிரியுங்கள்.

### கிளை 1: பம்ப் சத்தம் இல்லை

இதுதான் கதையின் நடு. மதியம் இரண்டு மணிக்கு வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகிறீர்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்தால் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. கதவுகளைத் திறந்துவிட்டு வேப்பமரத்தடியில் இருபது நிமிடம் நின்றுவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. மாலையிலும் காலையிலும் ஒருநாளும் தகராறு இல்லை. இந்த வரிசை அப்படியே பொருந்தினால் நான் வேறு எதையும் தொடமாட்டேன். மெயின் ரிலேதான்.

டாஷ்போர்டுக்குக் கீழே, உள்பக்கம் மாட்டியிருக்கும் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் பெட்டி அது. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியுவுக்கும் பெட்ரோல் பம்புக்கும் கரண்ட் கொடுப்பது அதன் வேலை. உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு, அதில் இரண்டு ரிலே. வருடக்கணக்கில் சூடாகிக் குளிர்ந்து, அதிர்ந்து, ஈயப் பற்றில் முடி கனத்துக்கு வட்ட விரிசல் விழுகிறது. வண்டிக்குள் வெப்பம் ஏறும்போது விரிசல் விலகுகிறது, கரண்ட் போகாது. ஆறினால் மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. இதற்கு வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். இருபது சித்திரை வெயிலைத் தாங்கிய ஈயம் அது.

சோதனைகள், எளிதிலிருந்து கடினத்துக்கு:

முதலில் பியூஸ்களைப் பாருங்கள், பானட்டுக்குள் இருக்கும் பெட்டியிலும் டாஷ்போர்டுக்குக் கீழேயும். அடுத்து விளக்கு. சாவியை ஆன் செய்தபோது செக் இன்ஜின் விளக்கே எரியவில்லை என்றால் இசியுவுக்குக் கரண்ட் போகவில்லை. ரிலேயின் முதல் பாதி, அல்லது அதற்குக் கரண்ட் தரும் இக்னிஷன் சுவிட்ச். விளக்கு எரிந்து அணைகிறது, பம்ப் மட்டும் ஓடவில்லை என்றால் ரிலேயின் இரண்டாம் பாதி, அல்லது பம்ப்.

சாவியை ஆனில் வைத்துக்கொண்டு லேசாக முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். டாஷ்போர்டு விளக்குகள் மினுக்கினால் இக்னிஷன் சுவிட்சின் தொடுமுனை தேய்ந்திருக்கிறது. கனமான சாவிக்கொத்தை அதிலேயே தொங்கவிட்டு ஓட்டும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

பிறகு ரிலே. வண்டி அடம்பிடிக்கும் அந்த நேரத்திலேயே, சாவி ஆனில் இருக்கும்போது அந்தப் பெட்டியை விரலால் சுண்டுங்கள். பம்ப் திடீரென்று ஓடினால் கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். காலைக் குளிர்ச்சியில் சோதிக்க வேண்டுமா? முடி உலர்த்தும் டிரையரால் சில நிமிடம் ரிலேயைச் சூடாக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். மதியப் பழுது காலை ஏழு மணிக்கே வந்து நிற்கும். என் வண்டியில் நான் இப்படித்தான் உறுதி செய்தேன்.

சரி செய்வது: பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ரிலேயை வெளியே எடுத்து, பிளாஸ்டிக் கொக்கிகளை மெல்ல நெம்பி மூடியை உருவுங்கள். பூதக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பெரிய பின்களைச் சுற்றிப் பார்த்தால் மெல்லிய கருவட்டம் தெரியும். அந்தப் பற்றுகளையெல்லாம் ஃபிளக்ஸ் வைத்துச் சூடாக்கிப் புது ஈயம் சேர்க்க வேண்டும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் தெருமுனை டிவி ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோங்கள். லாஸ்பேட்டையில் எனக்கு அதைச் செய்துகொடுத்த பெரியவர், "தம்பி, இந்த மாதிரி வெடிச்ச ஈயத்தைத்தான் நாப்பது வருஷமா பழைய டிவியில பாத்துட்டு இருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே பத்து நிமிடத்தில் முடித்தார். ஒரு டீக்கும் கொஞ்சம் மேலேதான் செலவு.

புது ரிலேயே வேண்டும் என்றால் சென்னை புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். ஆனால் அதுவும் உங்கள் ரிலே அளவுக்கு வயதானதுதான். வாங்கினாலும் பற்று வைத்துவிட்டே மாட்டுங்கள்.

ரிலே நல்லது என்று உறுதியான பிறகுதான் பம்ப். அதன் கனெக்டரில் மீட்டரை வைத்து, சாவியை ஆன் செய்யும் இரண்டு விநாடியில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். கரண்ட் வந்தும் சத்தம் இல்லை என்றால் பம்ப் போய்விட்டது. மாற்றுவது வீட்டு வேலை இல்லை. டேங்கைத் திறந்தால் ஆவி பறக்கும், ஒரு பொறி போதும். இங்கே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

### கிளை 2: பம்ப் ஓடுகிறது, ஆர்பிஎம் முள் அசையவே இல்லை

செல்ஃப் அடிக்கும்போது முள் செத்துக் கிடந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்கு வரிசையாகக் கரண்ட் பங்கிடும் பாகம்) இருக்கும் இக்னைட்டரை, அதாவது காயிலுக்குப் போகும் கரண்டை வெட்டிப் பொறி உண்டாக்கும் எலக்ட்ரானிக் சுவிட்சை, சந்தேகிக்க வேண்டும். ஆர்பிஎம் முள்ளுக்குப் போகும் சிக்னலும் அதிலிருந்துதான் வருகிறது. இதுவும் சூட்டில் அடங்கி, ஆறினால் எழும். அதனால்தான் பலர் மெயின் ரிலேயோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். பம்ப் சத்தம்தான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே செம்பழுப்புத் தூள் படிந்திருந்தால் பேரிங் தேய்கிறது. எண்ணெய் ஈரம் இருந்தால் உள்சீல் போய்விட்டது. மூடியின் உள்முனைகளிலும் ரோட்டர் நுனியிலும் வெள்ளைப் பொருக்கு இருந்தால் சுரண்டிச் சமாளிக்காமல் இரண்டையும் புதிதாக மாற்றுங்கள். மூடி, ரோட்டர், பிளக் ஒயர், பிளக் என்று போகும் இந்த வரிசை மலிவான வரிசை. பிளக் ஒயர் ஒவ்வொன்றும் 25 கிலோ ஓமுக்குள் இருக்க வேண்டும். பிளக் இடைவெளி 1.1 எம்எம்.

அடுத்து, பொறிக்கான உயர் வோல்ட்டைத் தரும் காயில். பிரைமரி ஒரு ஓமுக்கும் குறைவாகவும், செகண்டரி பத்து கிலோ ஓமுக்கு மேலேயும் காட்டும். திறந்த சர்க்யூட் காட்டினால் மாற்ற வேண்டியதுதான். ஆனால் ஆறிய காயில் சரியாகக் காட்டிவிட்டுச் சூட்டில் விடும், அதனால் வண்டி நின்ற உடனே அளக்க வேண்டும்.

முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் மாற்றும் நிலை வந்தால், பொறி விழும் நேரத்தை (டைமிங்) சரிபார்க்கும் டைமிங் லைட் வைத்திருக்கும் ஒருவரிடம் போங்கள். காதால் கேட்டு டைமிங் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த இன்ஜினின் சந்தோஷமே மேல் ஆர்பிஎம்மில்தான் இருக்கிறது, அது இரண்டு டிகிரியில் செத்துவிடும்.

### கிளை 3: விளக்கு, சத்தம், முள் எல்லாம் உண்டு, காலையில் மட்டும் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது

சாவியை ஆன் செய்து பம்ப் நிற்கும்வரை விடுங்கள், அணையுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் இரவில் பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது. பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு தளர்ந்திருக்கும், அல்லது சிலிண்டருக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒன்று சொட்டுகிறது. சொட்டும் வண்டியில் ஸ்டார்ட் ஆன உடனே பெட்ரோல் நாற்றத்தோடு கரும்புகை வரும். பம்ப் வால்வு மட்டும் என்றால் அவசரமில்லை, மூன்று முறை சாவி போட்டே பல மாதம் ஓட்டலாம். இன்ஜெக்டர் சொட்டினால் தள்ளிப்போடாதீர்கள், இன்ஜின் ஆயில் பெட்ரோலால் நீர்த்துப்போகும்.

மூன்று முறை சாவி போட்டும் வித்தியாசம் இல்லை என்றால், இன்ஜின் சூட்டை இசியுவுக்குச் சொல்லும் கூலன்ட் சென்சார். குளிர்ந்த இன்ஜினில் இரண்டு கிலோ ஓம் சுமாரும், நன்றாகச் சூடான பிறகு 200 முதல் 400 ஓம் வரையும் காட்ட வேண்டும்.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. புதுச்சேரியில் விலை குறைவு என்று கடலூரிலிருந்து வந்து டேங்க் நிரப்பிக்கொண்டு போகும் நண்பர்கள், வண்டியை மாதத்துக்கு ஒருமுறைதான் எடுக்கிறார்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். 2001இல் செய்த ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவையும் அல்ல. வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். டேங்கிலிருந்து இன்ஜின் வரை உள்ள ரப்பர் குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள். விறைத்தோ வெடித்தோ இருந்தால் ஸ்டார்ட்டிங் பழுதுக்காக அல்ல, தீப்பிடிக்காமல் இருப்பதற்காகவே மாற்றிவிட வேண்டும்.

## ஓடும்போதே அணைகிறது, உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது

மேலே சொன்ன அதே மூவர்: மெயின் ரிலே, இக்னிஷன் சுவிட்ச், இக்னைட்டர். அணையும் கணத்தில் முள் சட்டென்று சுழியத்துக்கு விழுந்தால் இக்னைட்டர் அல்லது சுவிட்ச். வண்டி உருண்டு இறங்கும் வேகத்தோடு முள் மெல்ல இறங்கினால் பெட்ரோல் பக்கம். இது இருக்கும்வரை கடலூர் ரோட்டில் இரவில் ஓட்டாதீர்கள். பின்னால் வரும் பஸ்ஸுக்கு உங்கள் வண்டி நிற்கப்போவது தெரியாது.

## ஐட்லிங் ஏறி இறங்குகிறது

நின்ற இடத்தில் முள் 1000க்கும் 2000க்கும் இடையே ஊஞ்சலாடுகிறது. இதைக் கேட்டவுடன், இன்ஜினுக்குள் காற்றை விடும் திராட்டில் பாடிக்கு கிளீனிங் என்று பில் போடுவார்கள். அதற்கு முன் நீங்கள் பார்க்க வேண்டியது ரேடியேட்டர்.

இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். கூலன்ட் விளிம்புவரை இருக்கிறதா? குறைந்திருந்தால், அல்லது உள்ளே காற்று அடைத்திருந்தால், ஐட்லிங்கைக் கட்டுப்படுத்தும் வால்வுகளுக்குச் சரியான சூடு போய்ச் சேராது, அவை மாறி மாறித் திறந்து மூடும். நிரப்பி, மூடியைத் திறந்துவைத்தே இன்ஜினை ஓடவிட்டு, காற்றை வெளியேற்றும் மூச்சுத் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழிகள் நிற்கும்வரை விடுங்கள். என் நண்பர் ஒருவரின் வண்டி இதோடு சரியாகிவிட்டது. ஆனால் கூலன்ட் ஏன் குறைந்தது என்று தேடாமல் விடக்கூடாது.

அடுத்து காற்றுக் கசிவு. இன்டேக்குக்குப் போகும் ஒவ்வொரு ரப்பர் குழாயையும் கையால் தடவிக்கொண்டே போங்கள், பிரேக் பூஸ்டர் குழாய் உட்பட. இருபது வருட ரப்பர் முனையில் பிளந்திருக்கும். முனையை அரை அங்குலம் வெட்டிவிட்டு மீண்டும் செருகினாலே பல நேரம் போதும். மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஓரத்தில் தண்ணீர் ஸ்பிரே செய்து பாருங்கள், சத்தம் மாறினால் அங்கே கசிவு. கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சூடான இன்ஜினில் அது தீ, நான் செய்வதில்லை.

சூடான பிறகும் ஆர்பிஎம் உயர்ந்தே நிற்கிறதா? காற்றுக் குழாயைக் கழற்றி, திராட்டில் பாடிக்குள் தெரியும் சின்னத் துளைகளை ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பாருங்கள். சூடான இன்ஜினிலும் கீழ்த்துளை பலமாக இழுத்தால், குளிர்ந்த இன்ஜினில் ஐட்லிங்கை உயர்த்தும் ஃபாஸ்ட் ஐடில் வால்வு மூடவில்லை. உள்ளே திருகு தளர்ந்திருக்கும், இறுக்கினால் சரியாகும்.

ஆக்சிலரேட்டர் கேபிளை இறுக்கியோ திராட்டில் நிறுத்தத் திருகைத் திருகியோ ஐட்லிங் வைக்கும் ஆளிடம் வண்டியை விடாதீர்கள். அந்தத் திருகு தொழிற்சாலையில் வைத்தது. அதை ஒருமுறை கலைத்துவிட்டால் உண்மையான பழுது அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

## ஐட்லிங் குறைந்து வண்டி நடுங்குகிறது

ஐட்லிங் 750 சுமாரில் நிற்க வேண்டும். ஏசி போட்டால் ஒரு கணம் விழுந்து தானே எழ வேண்டும்.

### ஏசி போட்டால் மட்டும் அணைய வருகிறது

ஐட்லிங் வால்வில் கரி. கழற்றி, கிளீனர் ஊற்றிக் கரி கரையும்வரை அலசி, நன்றாகக் காயவைத்து, கேஸ்கெட்டைப் பார்த்து மாட்டுங்கள். பிறகு இசியு பியூஸைப் பத்து விநாடி கழற்றிப் போட்டு, எதையும் மிதிக்காமல் பத்து நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள்.

அதே நேரத்தில் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் போல்ட் போட்டிருக்கும் எர்த் முனையையும் கழற்றித் தேய்த்து மாட்டிவிடுங்கள். இசியுவின் எர்த் அங்கேதான் வந்து சேர்கிறது. அதில் உப்பு பூத்திருந்தால் சென்சார்கள் எல்லாமே தாறுமாறாகப் பேசும். முத்தியால்பேட்டை வண்டி ஒன்றில் வால்வைச் சுத்தம் செய்தும் போகாத நடுக்கம், இந்த ஒரு போல்ட்டோடு போனது.

### எல்லா நேரமும் சீராக நடுங்குகிறது

செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா? கிளவ் பாக்ஸ் பக்கம் கீழே, எதிலும் செருகாமல் இரண்டு துளையோடு ஒரு சின்ன கனெக்டர் இருக்கும். சாவியை அணைத்துவிட்டு இரண்டு துளையையும் ஒரு ஒயர் துண்டால் இணைத்து, சாவியை ஆன் செய்தால் விளக்கு கண்சிமிட்டும். நீண்ட சிமிட்டல் பத்து, குறுஞ்சிமிட்டல் ஒன்று. 3 என்றால் மேப் சென்சார் (இன்டேக் அழுத்தத்தை அளப்பது), 6 கூலன்ட் சென்சார், 7 திராட்டில் சென்சார், 14 ஐட்லிங் வால்வு, 15 இக்னிஷன் சிக்னல். சென்சாரை வாங்குவதற்கு முன் அதன் கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

எண் எதுவும் வரவில்லை, இன்ஜின் சத்தம் சீராக இருக்கிறது, ஸ்டியரிங்கும் சீட்டும் மட்டும் அதிர்கிறது என்றால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் கிழிந்திருக்கும். ஏசி போட்டால் இன்னும் அதிகமாக அதிரும். மவுன்ட்டுக்காக இக்னிஷனில் பணம் செலவழித்தவர்களை எனக்குத் தெரியும்.

### மழை நாளில் மட்டும் நடுங்குகிறது

ஐப்பசி, கார்த்திகையில் வரும் புகார். இரவில் பானட்டைத் திறந்து, விளக்கை அணைத்து, ஓடும் இன்ஜினின் பிளக் ஒயர்கள்மேல் தண்ணீரைப் புகைபோல ஸ்பிரே செய்யுங்கள். ஒயரிலிருந்து நீலப்பொறி தாவுவது கண்ணுக்குத் தெரியும். கையை அருகே கொண்டுபோக வேண்டாம். ஒயர் செட்டையும் மூடியையும் மாற்றினால் தீரும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி வேறு கதை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும், அடுத்த நாட்களில் தென்பெண்ணை கரை புரண்டு கடலூரில் ஊர்களுக்குள் நுழைந்தபோதும் பல வண்டிகள் மூழ்கி நின்றன. தண்ணீர் ஏர் ஃபில்டர் உயரத்தைத் தொட்டிருந்தால் சாவியையே திருப்பக்கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் ஒரே செல்ஃபில் கனெக்டிங் ராடு வளையும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

### 'டப், டப்' என்று ஒரு சிலிண்டர் விடுபடுகிறது

இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டராகக் கழற்றி மாட்டுங்கள். பிளக் ஒயரை உருவுவதைவிட இது பத்திரம், ஷாக் அடிக்காது. எதைக் கழற்றினால் இன்ஜின் இன்னும் மோசமாகிறதோ அந்தச் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. எதைக் கழற்றியும் மாற்றமே இல்லையோ அதுதான் நோயாளி.

அந்தச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் குழிக்குள் எண்ணெய் நின்றால் வால்வு கவர் சீல்கள் போய்விட்டன, கவர் கேஸ்கெட்டோடு சேர்த்து மாற்றுங்கள். எண்ணெய் இல்லையென்றால் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள், பிறகு ஒயரை, பிறகு இன்ஜெக்டரை. நோய் எதோடு கூடவே நகர்கிறதோ அதை மட்டும் வாங்கினால் போதும்.

எதோடும் நகரவில்லை என்றால், வால்வுகளைத் திறக்கும் அமைப்பில் இடைவெளி வைக்கும் இடமான டேப்பட். இந்த இன்ஜினில் டேப்பட் இடைவெளியைக் கையால்தான் வைக்க வேண்டும்: ஆறிய இன்ஜினில் இன்டேக் 0.18 முதல் 0.22 எம்எம், எக்ஸாஸ்ட் 0.23 முதல் 0.27 எம்எம். நான் பார்த்த வண்டிகள் பெரும்பாலும் பல வருடம் அதைத் தொடாதவை. சத்தம் வருகிற டேப்பட்டைவிட சத்தமே இல்லாத டேப்பட்டுக்குத்தான் நான் பயப்படுவேன். இடைவெளி அடைபட்டுப்போனால் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும். எரிவாயுவில் ஓடிய வண்டிகளில் இதை முதலிலேயே பாருங்கள். ஃபீலர் கேஜ் பிடித்துப் பழகாதவர்கள் முதல்முறை ஒரு நல்ல மெக்கானிக் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டேப்பட் வைத்த பிறகும் அந்தச் சிலிண்டர் எழவில்லை என்றால் கம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள். 135 பிஎஸ்ஐக்குக் கீழே போகக்கூடாது, சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 28ஐத் தாண்டக்கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது எண் ஏறினால் பிஸ்டன் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்திருந்து, கூலன்ட்டும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் என்றே எடுத்துக்கொள்ளலாம். இதற்குமேல் ஹெட்டை இறக்க வேண்டும். இறக்குவதற்கு முன் அளந்த நான்கு எண்ணையும் உங்கள் நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஹெட்டை மாட்டிய பிறகு அதே கேஜில் மறுபடி அளந்து, பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.